கழிவுக்கடையில் வாங்கிய ரட கஜு

1

விசாப் படிவத்தில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று வருடமாக அதில் யோசிக்காமல் 'தமிழ், ஆங்கிலம், சிங்களம் கொஞ்சம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலாவது வருடத்துப் படிவம் இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. கிராம சேவகரின் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. கணவரின் அடையாள அட்டைப் பிரதி, கல்யாணப் பத்திரம், போட்டோ எல்லாம் தயார். அந்த ஒரு கட்டம் மட்டும் காலி. 'சிங்களம் கொஞ்சம்' என்று எழுதப் பேனாவை எடுத்தால் கை வரமாட்டேன் என்கிறது. அந்தக் கொஞ்சத்தால்தான் போன மாதம் என் மகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

நான் கலைச்செல்வி. சொந்த ஊர் துறையூர். கணவர் ரவி கண்டிக்காரர். அவருடைய பாட்டன் காலத்தில் துறையூர்ப் பக்கமிருந்து இங்கே வந்த குடும்பம், அந்த வழியில்தான் சம்பந்தம் பேசினார்கள். அவர் துபாயில் வேலை பார்த்தவரை நானும் மகள் தாரணியும் துறையூரில் இருந்தோம். அந்த வேலை போனதும் மூன்று பேருமாகக் கண்டிக்கு வந்துவிட்டோம். அவருக்குப் பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை, எங்களுக்குக் குண்டசாலையில் வாடகை வீடு. கண்டி என்றால் உங்களுக்கு ஏரி ஞாபகம் வரும். எனக்கு ஏரி என்பது, மளிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நசுங்கும்போது ஜன்னலில் வந்து போகிற தண்ணீர்.

2

தாரணிக்கு வேர்க்கடலை ஆகாது. சும்மா சொறி, தடிப்பு என்கிற அளவில் இல்லை. மூன்று வயதில் துறையூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடலை மிட்டாயைக் கடித்தவள், பத்து நிமிடத்தில் முகம் வீங்கி மூச்சுக்குத் திணறினாள். திருச்சி டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "அடுத்த தடவை இதைவிட மோசமா வரலாம். கடலைங்கிற பேச்சே வீட்ல இருக்கக்கூடாதும்மா." அன்றிலிருந்து என் வீட்டில் கடலை எண்ணெய்கூடக் கிடையாது.

துறையூரில் இது பெரிய பாடு இல்லை. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரே என் பையைப் பார்த்து, "அந்த மிக்சர் வேணாம்மா, அதுல கடலை கிடக்கு" என்பார். இங்கே வந்ததும்தான் கடலைக்கு வேறு வேறு பெயர் என்று தெரிந்தது.

வந்த முதல் வருடம் நவராத்திரி. கோயிலில் ஒரு அம்மா தாரணியின் கையில் தொன்னையை வைத்து, "கடலை சாப்பிடுங்க மகள்" என்றார். நான் பாய்ந்து அந்தத் தொன்னையைத் தட்டிவிட்டேன். தரையெல்லாம் சிதறியது கொண்டைக்கடலை. இங்கே 'கடலை' என்றால் கொண்டைக்கடலை. பிரசாதத்தைத் தட்டிவிட்டவள் என்ற பெயர் எனக்கு வந்ததுதான் மிச்சம், அந்த அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அன்று ரவி வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க வேர்க்கடலைக்குக் கச்சான்னு பேரு. 'பிள்ளைக்குக் கச்சான் ஒத்துக்காது'ன்னு சொல்லிப் பழகு" என்றார். பழகினேன். பள்ளிக்கூடத்தில், வேன் டிரைவரிடம், பக்கத்து வீட்டில், எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். கச்சான் என்ற ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

3

இப்போது கழிவுக்கடைக்கு வருகிறேன்.

தள்ளுபடிக்கு இங்கே 'கழிவு' என்று பெயர். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் 'விசேட கழிவு' என்று போர்டு பார்த்தபோது, குப்பையைக்கூடவா விசேஷமாக விற்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த நினைப்பு முழுக்கத் தப்பும் இல்லை. தகர டப்பா நசுங்கிய ரின் மீன், பெட்டி கிழிந்த சோப்பு, தேதி முடிய மூன்று வாரமே இருக்கிற பால்மா என்கிற பால்பவுடர், மூட்டையில் உடைந்த பிஸ்கட். எல்லாம் பாதி விலை, சிலது அதற்கும் கீழே.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. பளபளவென்று தரை, குளுகுளுவென்று காற்று, ஒவ்வொரு பாக்கெட்டிலும் மூன்று மொழியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம். நான் அங்கே உப்பு வாங்கத்தான் போவேன். விலைவாசி தலைக்கு மேலே போன நாளிலிருந்து ரவி தினமும் சொல்கிற ஒரே வசனம், "பார்த்து செலவழி செல்வி." ஓவர்டைம் நின்ற பிறகு வசனம்கூட இல்லை, பெருமூச்சு மட்டும்தான். அதைக் கேட்பதைவிடப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

கழிவுக்கடைச் சாமானில் நஷ்டமும் உண்டு. பருப்பில் கல் பொறுக்க ஒரு மணி நேரம். உருளைக்கிழங்கில் நாலுக்கு ஒன்று உள்ளே கறுப்பு. பஸ் காசையும் கழித்து, வீசியதையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் சின்னதுதான். ஆனாலும் மாதக் கடைசியில் அந்தச் சின்னதில்தான் எங்கள் வீட்டு கேஸ் எரிந்தது. என் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்த்த பெண் நான். மலிவாக வாங்கிவிட்டு வருகிற அன்று நடையிலேயே ஒரு கெத்து வந்துவிடும்.

அந்தச் சந்து முழுக்க நடைபாதை வியாபாரிகள் "லாபாய், லாபாய்!" என்று கத்துவார்கள். 'லாபம், லாபம்' என்று இவர்கள் தங்கள் லாபத்தையா கூவி அறிவிக்கிறார்கள் என்று முதலில் திகைத்தேன். சிங்களத்தில் அதற்கு மலிவு என்று அர்த்தம். தாரணிதான் சொன்னாள். ஆறு வயதில் வந்தவள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே சிங்களத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைக்குப் போனால் அவள்தான் என் வாய். நான் தமிழில் கேட்பேன், அவள் சிங்களத்தில் கேட்டு, விலை குறைத்து, பதிலைத் தமிழில் கொண்டுவருவாள்.

அந்தத் தமிழும் மாறிவிட்டது. துறையூரில் "அம்மா, நீ வா" என்றவள் இங்கே எல்லாப் பிள்ளைகளையும் போல "நீங்க வாங்க" என்கிறாள். மரியாதைதான். எனக்கு ஏனோ வாசலில் நிற்கவைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நானே பேசிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். கழிவுக்கடையில் நதீஷா என்று ஒரு பெண் எடை போடுவாள். எனக்கு மலிவாகக் கொடு என்று சொல்ல நினைத்து, "மம லாபாய்" என்றேன். நதீஷா வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையே சிரித்தது. 'நான் மலிவு' என்று சொல்லியிருக்கிறேன். வரிசையில் தாரணியின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

தாரணி எனக்கு முன்னாலேயே பஸ்ஸை நோக்கி நடந்தாள். ஏறியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள், "இனி நான் உங்களோட கடைக்கு வரமாட்டேன். நீங்க சிங்களம் கதைக்கவும் வாணாம்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "வராட்டிப் போ. நீ இல்லாம எனக்கு வாங்கத் தெரியாதா?" என்றேன்.

4

அடுத்த வாரம் அவளுக்குப் பத்தாவது பிறந்தநாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கவேண்டும். டாபி கொண்டுபோனால் சிரிப்பார்களாம். சூப்பர் மார்க்கெட்டில் விலை பார்த்துவிட்டு, பார்த்ததை ரவியிடம் சொல்லாமல், பிறந்தநாளுக்கு முதல் நாள் காலையில் தனியாகக் கழிவுக்கடைக்குப் பஸ் ஏறினேன்.

கண்ணாடிப் பையில் கட்டிவைத்த உடைந்த சாக்லேட் துண்டுகள். ஓரம் உடைந்ததால் தொழிற்சாலை ஒதுக்கியவை. பையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் பேனாவால் சிங்களத்தில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் கேட்காமல் வாங்குகிறவள் நான் இல்லை.

"மேகே மொனவாத தியென்னே?" இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

"சொக்லட், கிரி, ரட கஜு" என்றாள் நதீஷா.

கிரி என்றால் பால். தெரியும். கஜு என்றால் முந்திரி. அதுவும் தெரியும், தீபாவளிக்குக் கஜு வாங்காத வீடு உண்டா? 'ரட' என்றால் வெளிநாடு. பேரீச்சம்பழத்துக்கு இங்கே 'ரட இந்தி' என்று பெயர், வெளிநாட்டிலிருந்து வருகிற ஈச்சம்பழம் என்ற கணக்கில். அப்படியானால் ரட கஜு என்பது வெளிநாட்டு முந்திரி. என் மூளை இந்தக் கூட்டலை இரண்டு வினாடியில் போட்டு முடித்துவிட்டது.

ஆனாலும் கேட்டேன். அதை இப்போதும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். விரலை ஆட்டி, "கச்சான்? கச்சான் நேத?" என்று கேட்டேன். கச்சான் இல்லைதானே?

நதீஷாவுக்குத் தமிழ் தெரியாது. கச்சான் என்ற சொல்லை அவள் கேட்டிருக்கமாட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ வேறு சாமானைக் கேட்கிறேன் என்று நினைத்து, ஆறுதலாகச் சொன்னாள்: "நே, நே. ரட கஜு."

இல்லை, இல்லை. வெளிநாட்டு முந்திரி.

முந்திரி போட்ட சாக்லேட் இந்த விலைக்கா என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு கிலோ வாங்கினேன். பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது. என்னைப் போல் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

5

தாரணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் பார்த்தாள். "கச்சான் இல்லையா?" என்று கேட்டாள். அவள் எப்போதும் கேட்பாள்.

"கேட்டுட்டுத்தான் வாங்கினேன். முந்திரி" என்றேன், கொஞ்சம் திமிராகவே.

வாங்கும்போதே சீட்டு கழன்று கடையில் விழுந்திருக்கவேண்டும், பையில் இல்லை. இருந்திருந்தால் அவள் வாசித்திருப்பாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். பாதி மென்றவள் நிறுத்தி, "நாக்கு கடிக்குது" என்றாள். அரிப்புக்கு இங்கே கடி என்று பெயர்.

பிறகு நடந்ததெல்லாம் மிக வேகம். உதடு தடித்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. வீட்டில் வைத்திருந்த அலர்ஜி மருந்தை ஊற்றினேன், குடித்ததோடு வாந்தி எடுத்தாள். இருமல் தொடங்கியது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை.

முக்கில் எப்போதும் நிற்கிற ஆட்டோ, அண்ணன் மாதிரிப் பழகுகிற ரம்ஸீன் நானாவுடையது. பார்த்ததும் கையிலிருந்த தேநீரை வீசிவிட்டு ஏறினார். "புள்ளைக்கு என்ன தங்கச்சி?"

"ஒத்துக்கல நானா. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"என்னத்த தின்டா?"

"சாக்லேட். முந்திரிதான் நானா, கச்சான் இல்ல. ரட கஜுன்னுதான் சொன்னாங்க."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. நானா திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றீங்க நீங்க? ரட கஜுன்டா கச்சான்தான்!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கஜு என்றால் முந்திரி என்று அவரிடமே விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு விளங்கியது.

தென்னக்கும்புரப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நின்றன. பள்ளிக்கூடம் விட்ட நேரம். வேனும் பஸ்ஸும் அசையவில்லை. தாரணி மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் துறையூரில் கேட்ட அதே சத்தம். என் சேலையை அவள் விரல்கள் பிடித்திருந்தன. கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நானா ஹார்னில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. வண்டியை எதிர்ப்பக்கத்தில் ஏற்றினார். பாலத்தில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி மறித்ததும், தலையை வெளியே நீட்டி, "பபாட்ட அமாருய் சேர்! ரட கஜு கால!" என்று கத்தினார், பிள்ளைக்கு முடியவில்லை, ரட கஜு தின்றுவிட்டாள் என்று. போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். விசிலை ஊதிக்கொண்டு பாலத்தை எங்களுக்குத் திறந்துவிட்டார். அந்த இரண்டு சொல் அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

6

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிங்களத்தில் கேட்டார், என்ன சாப்பிட்டாள் என்று. "ரட கஜு" என்றேன். வேறு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. தொடையில் ஊசி போட்டார்கள், மூக்கில் ஆக்சிஜன் முகமூடி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் குறைந்தது. டாக்டரம்மா என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தாரணி முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"அம்மா, நீ எங்கயும் போகாத."

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த 'நீ'. அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது, அதுவரை வரவில்லை.

ரவி தொழிற்சாலை உடுப்போடு வந்தார். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எவ்வளவு மிச்சம் பிடிச்ச?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லு செல்வி. எவ்வளவு மிச்சம்?"

சொன்னேன். அவர் எடுக்கிற பஸ் பாஸுக்குக்கூடப் போதாத தொகை.

"மூணு வருஷமா இங்க இருக்க. ரட கஜுன்னா என்னன்னு தெரியாதா?"

"மூணு வருஷத்துல ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே" என்றேன். "நீங்களும்தான் சொல்லல. கச்சான்னு மட்டும்தான் சொல்லிக்குடுத்தீங்க."

அவருக்கு அந்த இரண்டும் ஒரே சாமான், பிறந்ததிலிருந்து இரண்டு பெயரும் தெரியும். எனக்கும் ஒன்றைத் தனியாகச் சொல்லித்தரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு கான்டீனுக்குப் போய் எனக்கு ஒரு தேநீர் வாங்கிவந்து கையில் வைத்தார். பிறந்தநாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் தாரணி வீட்டுக்கு வந்தாள்.

7

அதற்குப் பிறகுதான் எனக்குத் தண்டனை ஆரம்பித்தது. தட்டை முன்னால் வைத்தால் தாரணி கேட்பாள், "இதுல என்ன இருக்கு?"

வெறும் இட்லிக்கும் கேட்டாள். என் கையால் அரைத்து, அவள் கண் முன்னாலேயே ஊற்றியது. "அரிசி, உளுந்து, உப்பு" என்று சொல்வேன். பிறகுதான் பிட்டு வாயில் வைப்பாள். கோபமாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டாள். உனக்கு என்ன தெரியும் என்று நாடு என்னிடம் வருடத்துக்கு ஒருமுறை படிவம் கொடுத்துக் கேட்கிறது. என் மகள் ஒரு நாளைக்கு மூன்று முறை கேட்டாள். 'நீ' மறுபடி 'நீங்க' ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை நான் கழிவுக்கடைக்குக் கிளம்பினேன். சண்டை போடத்தான். தாரணி தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு, "நானும் வாறேன்" என்றாள். நான் தனியாகக் கடைக்குப் போவது அவளுக்குப் பயமாக இருந்திருக்கவேண்டும்.

நதீஷா எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் கிளப்பிவிட்டது. "கேளுடி அவகிட்ட. நான் அத்தனை தடவை கேட்டேனே, ஏன் இல்லன்னு சொன்னா? என் பிள்ளை போயிருந்தா யாரு பதில் சொல்றது? கேளு!" என்று தாரணியிடம் கத்தினேன். வரிசை திரும்பிப் பார்த்தது.

தாரணி சிங்களத்தில் பேசினாள். நான் கத்தியது ஒரு முழம் என்றால் அவள் பேசியது ஒரு சாண்கூட இல்லை. நதீஷாவின் முகம் வெளுத்தது. தராசிலிருந்து கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"என்ன சொன்ன?"

"சாக்லேட் சாப்பிட்டு எனக்கு வருத்தம் வந்துச்சுன்னு சொன்னேன்." வருத்தம் என்றால் இங்கே நோய்.

"அப்புறம்?"

தாரணி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அம்மா பிழையா விளங்கிட்டாங்க. உங்க மேல பிழை இல்லன்னு சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. நடுக்கடையில் என்னை விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று வந்த கோபம், அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதால் நிற்க இடமில்லாமல் போனது. நதீஷா என்னிடம் ஒளிக்கவில்லை. கேட்டேன், சொன்னாள். இரண்டு பேரும் ஒரே சாமானைப் பற்றித்தான் பேசினோம்.

நதீஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாரணியிடம் ஏதோ கேட்டாள். தாரணி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அதைப் பார்த்து, சாக்லேட் பைச் சீட்டில் சிங்களத்துக்குக் கீழே நதீஷா கோணலாக ஒரு தமிழ்ச் சொல்லை எழுதினாள். 'கச்சன்.' கால் விட்டுப்போயிருந்தது. நான் பேனாவை வாங்கிக் காலைப் போட்டேன். நதீஷா அதைப் பார்த்து, மீதிப் பைகளையும் என் பக்கம் தள்ளினாள். பன்னிரண்டு பை. பன்னிரண்டு சீட்டிலும் 'கச்சான்' என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

கடையை விட்டுவிடவில்லை, விட முடியாது. சோப்பு, அரிசி, ரின் மீன் எல்லாம் அன்றும் அங்கேதான் வாங்கினேன். அச்சடித்த விவரம் இல்லாத எதையும் இனி மகள் வாய்க்கு என்று வாங்கமாட்டேன், அவ்வளவுதான். தாரணி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கேட்டாள். அதைச் சூப்பர் மார்க்கெட்டில் முழு விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை ஊற்றினேன். மேசையில் கிடந்த விசாப் படிவத்தை ஒதுக்கிவிட்டுத் தட்டை வைத்தேன். தாரணி பிட்டு, சட்னியில் தொட்டு, வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். "அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு. சட்னியில தேங்காய், மிளகாய்..."

அவள் மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கேக்கவே இல்லையேம்மா. நீ சாப்பிடு."